உணவுத் தொழிலுக்கு வெயில் சூடு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொப்பரைக் களம், பால் குளிர்விப்பு நிலையம், ஊறுகாய்க் கூடம், கல்யாண மண்டபச் சமையலறை என்று சின்ன அளவில் உணவுத் தொழில் செய்கிறவர்களுக்குச் சோலார் வெந்நீர் அமைப்பும் உலர்த்தும் கூடாரமும் போட்டுக்கொடுப்பது என் வேலை. போனில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் பாதி பதில் சொல்வதைவிட, முழுசாக ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இங்கே சோலார் என்று சொல்வது பெரும்பாலும் கரண்ட் எடுக்கிற பேனலை அல்ல. வெயிலின் சூட்டைச் சூடாகவே பிடித்துத் தண்ணீருக்கோ காற்றுக்கோ ஏற்றுவதை.

சோலாரில் ஸ்டீம் வருமா? எங்களுக்கு ஸ்டீம்தான் வேண்டும்.

வரும். ஆனால் அதற்கு வெயிலைக் கண்ணாடியால் குவிக்க வேண்டும், சூரியன் நகர நகரக் கண்ணாடியும் திரும்ப வேண்டும். செலவும் பராமரிப்பும் கூடுதல். அதனால் நான் முதலில் திருப்பிக் கேட்பது: ஸ்டீமை வைத்து என்ன செய்கிறீர்கள்?

பத்தில் ஏழெட்டு இடங்களில் வரும் பதில் ஒன்றுதான். பாய்லரில் ஸ்டீம் போட்டு, அதைத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டு, அந்தத் தண்ணீரில் பாட்டில் கழுவுகிறார்கள். பாட்டிலுக்குத் தேவை 60 டிகிரி. அதற்காக 800, 900 டிகிரியில் விறகை எரித்து, 150 டிகிரியில் ஆவியாக்கி, மறுபடி பச்சைத் தண்ணீரில் கலந்து 60-க்கு இறக்குகிறோம். 60 டிகிரிதான் வேண்டும் என்றால் மொட்டை மாடியில் இருக்கிற சாதாரண வாட்டர் ஹீட்டரே அந்த வேலையைச் செய்யும்.

ஆஸ்திரியாவில் லியோபன் ஊரில் கோஸ் என்ற மதுபான ஆலை இருக்கிறது. பீர் காய்ச்சுவதில் முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைக்கிற ஒரு கட்டம் உண்டு. அதற்கு வேண்டிய சூடு 80 டிகிரிக்குள்தான். ஆனாலும் அங்கே பாத்திரத்தை ஸ்டீமால்தான் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். 2013-ல் சோலார் போடும்போது வெயிலிலிருந்து ஸ்டீம் எடுக்க அவர்கள் முயலவில்லை. பாத்திரத்தை மாற்றினார்கள். வெந்நீர் ஓடும் தகடுகளை உள்ளே பொருத்தி, சூடு ஏறும் பரப்பைக் கூட்டி, ஸ்டீம் செய்த வேலையை வெந்நீரே செய்யும்படி ஆக்கினார்கள். ஏறத்தாழ 1,500 சதுர மீட்டர் தட்டைப் பேனல் (கண்ணாடி மூடிய தட்டையான பெட்டிக்குள் தண்ணீர்க் குழாய் ஓடும் வகை), 200 கன மீட்டர் வெந்நீர்த் தொட்டி, அவ்வளவுதான். நம்மைவிட வெயில் மிகவும் குறைந்த ஊர் அது. யார் என்னிடம் ஸ்டீம் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுவேன்.

எங்கள் வேலைக்கு எத்தனை டிகிரி வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். கூடவே ஒரு நோட்டு. ஒரு வாரம் எழுதுங்கள்: எந்த நேரத்தில், எத்தனை குடம் அல்லது எத்தனை லிட்டர், எந்தச் சூட்டில். பாய்லரின் மீட்டர் காட்டுவது வேண்டாம். பொருளைத் தொடுகிற தண்ணீரின் சூடுதான் கணக்கு.

ஒரு ஊறுகாய்க் கூடத்தில் அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் நோட்டைக் கொடுத்திருந்தோம். “தண்ணி கொதிக்கணும் சார், அப்பத்தான் எண்ணெய்ப் பிசுக்கு போகும்” என்று முதலாளி சொல்லியிருந்தார். அக்காவின் நோட்டில் ஆறு நாளும் 55, 58, 56 என்றுதான் இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் யாராலும் கையை விட முடியாதே, பச்சைத் தண்ணீர் கலந்துதான் கழுவியிருக்கிறார்கள்.

நோட்டில் நேரம் எழுதுவது இன்னும் முக்கியம். வெந்நீர் காலை 5 மணிக்குத் தேவையென்றால் நேற்றைய வெயிலை இரவு முழுக்கத் தொட்டியில் வைத்திருக்க வேண்டும். பிற்பகல் 3 மணிக்கென்றால் தொட்டி சின்னதாக இருந்தாலே போதும்.

ஆயிரம் லிட்டர் வெந்நீருக்கு எவ்வளவு பேனல் வேண்டும்? எவ்வளவு மிச்சமாகும்?

கணக்கை நீங்களே போடலாம். 1,000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற 35 யூனிட் சூடு வேண்டும். யூனிட் என்றால் நமக்குக் கரண்ட் பில்லில் தெரிந்த அதே யூனிட்தான். தமிழ்நாட்டில் நல்ல நாளில் ஒரு சதுர மீட்டரில் 5 யூனிட் அளவுக்கு வெயில் விழும். அதில் பாதியைப் பேனல் தண்ணீரில் ஏற்றிவிடும். ஆக ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரை யூனிட், 35 யூனிட்டுக்கு 14 சதுர மீட்டர்.

இதே சூட்டைக் கேஸில் எடுத்தால் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதாவது ஆறு வெயில் நாளுக்கு ஒரு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் மிச்சம். டீசல் பாய்லர் என்றால் நாளுக்கு நாலரை லிட்டர் அளவில். உங்கள் ஊர் விலையால் பெருக்கி, கம்பெனிக்காரர் சொல்லும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்று விற்கிறவர் சொல்வதை விடுங்கள், இந்தக் கணக்கை நம்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த மிச்சம் வெந்நீரைத் தினமும் செலவழிக்கிறவர்களுக்கு மட்டும்தான். மாதத்தில் எட்டு முகூர்த்தம் நடக்கிற மண்டபத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பால் பண்ணையில் பாஸ்சுரைஸ் செய்ய சோலார் போடலாமா?

போடலாம், இந்தியாவிலேயே முன்மாதிரி இருக்கிறது. மகாராஷ்டிராவில் லாத்தூரில் மகானந்த் பால் பண்ணையில் 2006-ல் 160 சதுர மீட்டர் அளவுள்ள ஒரே பெரிய கண்ணாடித் தட்டை நிறுத்தினார்கள். ‘அருண்’ என்று பெயர். சூரியனைப் பார்த்தபடி நாள் முழுக்கத் திரும்பி, பாலைப் பதப்படுத்தச் சூடு கொடுத்தது.

ஆனால் சின்னப் பண்ணைக்கு நான் முதலில் சொல்வது வேறு. பாலை 72 டிகிரியில் 15 விநாடி வைக்கிற பாஸ்சுரைசரைக் கவனித்திருப்பீர்கள். வெளியே போகிற சூடான பால், உள்ளே வருகிற குளிர்ந்த பாலைத் தகடுகள் வழியாகச் சூடாக்கிவிடுகிறது. வேண்டிய சூட்டில் பெரும்பங்கு இப்படியே கிடைத்துவிடும், கடைசிச் சில டிகிரிக்குத்தான் வெளிச்சூடு வேண்டும். சூடு உண்மையில் போகிற இடம் கழுவுகிற வேலை. கேன் கழுவ, கிரேட் கழுவ, குழாய்களைக் கழற்றாமல் உள்ளேயே காரக் கரைசல் ஓட்டிச் சுத்தம் செய்ய (பண்ணைகளில் சிஐபி என்பார்கள்) வெந்நீர் போய்க்கொண்டே இருக்கும். அதில் முதல் இரண்டும் 60-க்குள் அடங்கும், சிஐபிக்கு 70, 75. அங்கே தொடங்குங்கள். பாலை நேரடியாகச் சூடாக்குகிற இடம் இல்லை என்பதால், நீங்களும் அதிகப் பயமில்லாமல் பழகிக்கொள்ளலாம்.

கண்ணாடிக் குழாய் வகையா, தட்டைப் பேனலா?

கண்ணாடிக் குழாய் விலை குறைவு. குழாயின் இரட்டைக் கண்ணாடிச் சுவருக்கு நடுவே காற்று இல்லாததால் சூடு எளிதில் வெளியே போகாது, 80 டிகிரிக்கும் எளிதாக ஏறும். தட்டைப் பேனல் விலை கூட, ஆனால் எளிதில் உடையாது. 60 டிகிரி தினசரி வேலைக்கு, அதுவும் குரங்கு நடமாட்டம் இருக்கிற ஊருக்கு, என் ஓட்டு தட்டைப் பேனலுக்கு.

குழாய் வகையில் ஒரு பாடத்தை நான் கண்ணெதிரே பார்த்துக் கற்றேன். ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் மேல்தொட்டி காலியாகிக் கிடந்திருக்கிறது. பங்குனி வெயில், மதியம் ஒரு மணி. தண்ணீர் வந்துவிட்டது என்று வால்வைத் திறக்கச் சொன்னேன். பச்சைத் தண்ணீர் உள்ளே இறங்கியதும் பட் பட் என்று சத்தம், அரை நிமிடத்தில் நாலு குழாய் விரிசல் விட்டு மாடி முழுக்க வெந்நீர். காலிக் குழாய் வெயிலில் 200 டிகிரியைத் தொட்டிருக்கும். நல்லவேளை, பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. அதன் பிறகு நான் வேலை செய்கிற ஒவ்வொரு இடத்திலும் வால்வுக்குப் பக்கத்தில் பெயின்ட்டால் எழுதி வைக்கிறேன்: “காலியாக இருந்தால் பகலில் தண்ணீர் விடாதீர்கள். காலை ஆறு மணிக்கு முன்போ, பொழுது சாய்ந்து குழாய் ஆறிய பிறகோதான்.”

எந்த வகையானாலும் போர் தண்ணீரை நேரடியாக விட்டால் உப்புப் படியும். இரண்டு வருடத்தில் சூடு குறைகிறது என்று கூப்பிடுகிறவர்களின் அமைப்பைப் பிரித்தால் உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். பேனலுக்குள் ஒரே நல்ல தண்ணீரைச் சுற்றவிட்டு, வெப்பப் பரிமாற்றி (இரண்டு தண்ணீரும் கலக்காமல் சூடு மட்டும் மாறுகிற கருவி) வழியாக உங்கள் தண்ணீரைச் சூடாக்குவதுதான் சரியான வழி.

பேனலில் சூடாகும் தண்ணீரைச் சமையலில் நேரடியாக ஊற்றலாமா?

கூடாது. மேலே சொன்ன பரிமாற்றியை உணவுத் தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடுங்கள், குடிக்கத் தகுந்த தண்ணீர் தனி வழியில் போகட்டும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உறைபனி விழும் இடத்தில் பேனலில் உறையாத திரவம் கலக்க வேண்டியிருக்கும். அப்போது புரோப்பிலீன் கிளைக்கால்தானா என்று டப்பாவைப் படித்துப் பாருங்கள். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. பரிமாற்றியில் ஊசித் துளை விழுந்தாலும் அது சாப்பாட்டுக்குள் போய்விடும்.

கொப்பரை களத்தில் சும்மாவே காய்கிறது. கூடாரம் எதற்கு?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்வேன். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் உலர்களம். வெயிலுக்குக் காசு இல்லை என்பது சரிதான். ஆனால் களத்தில் காய்வதற்கு ஏழு நாள் ஆகும்போது ஒவ்வொரு இரவும் தேங்காய்ப் பருப்பு பனியைக் குடிக்கிறது. பகலில் கொடுத்ததில் ஒரு பங்கை இரவில் திருப்பி வாங்கிக்கொள்கிறது. முதல் இரண்டு நாளில் ஈரம் வேகமாக இறங்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அதில் ஒரு வகை அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை விடும். அதைத் தடுக்கக் கந்தகப் புகை போடுகிறார்கள். கந்தகம் போட்ட பருப்பில் ஆட்டிய எண்ணெய் வேண்டாம் என்று வாங்குகிறவர்கள் இப்போது கேட்டே வாங்குகிறார்கள். தூசி, காக்கை, நாய் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பாலிகார்பனேட் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட் போட்ட கூடாரத்துக்குள் மதியம் 55, 60 டிகிரி வரும். அதே கொப்பரை மூன்று நாளில் காய்ந்துவிடும்.

அளவைப் பார்ப்போம். 1,000 தேங்காயில் ஏறத்தாழ 300 கிலோ ஈரப்பருப்பு. பாதி தண்ணீர். 6 சதவீத ஈரத்துக்கு இறக்க 140 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக என்று வைத்தால் ஏறத்தாழ 95 யூனிட். கூடாரத்தில் விழும் வெயிலில் கால்பங்குக்குச் சற்று மேலேதான் இந்த வேலைக்குப் போகும். மூன்று நாள் என்றால் 23, 24 சதுர மீட்டர் தரை வேண்டும். விற்கிறவர் 10 சதுர மீட்டரில் முடியும் என்று சொன்னால் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள்.

கூடாரம் போட்டும் சரியாகக் காயவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் கேட்பது, முதல் நாள் பதினொரு மணிக்கு ஷீட்டின் உள்பக்கம் எப்படி இருந்தது என்று. முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சூடு போதவில்லை என்று அர்த்தமில்லை, காற்று வெளியேறவில்லை. அந்தத் துளி திரும்பப் பருப்பின் மேலேயே சொட்டும். முதல் நாள் காற்றுவழி, விசிறி எல்லாம் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். உள்ளே சூடு குறைகிறதே என்று மூடிவிடாதீர்கள். இரண்டாம் நாள் பாதி. பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரவுப் பனி உள்ளே வரும். பாதிப்பேருக்குக் கூடாரம் பலன் தராததற்குக் காரணம் இந்த ஒரு பழக்கம்தான்.

முருங்கைக் கீரை காய்ந்தது, ஆனால் நிறம் வெளுத்துவிட்டது. ஏன்?

நேர் வெயில் பட்டதால். கீரை, கறிவேப்பிலை, புதினாவுக்குச் சூடு வேண்டும், வெளிச்சம் வேண்டாம். கூடாரத்துக்குள் தட்டுக்கு மேலே கறுப்பு வலை கட்டுங்கள், அல்லது காற்றைத் தனியாகச் சூடாக்கி இருட்டறைக்குள் விடுகிற வகையைப் போடுங்கள். 50 டிகிரிக்கு மேல் விடாதீர்கள்.

வாழைப்பழம், மாம்பழத் துண்டுக்கு வேறு பிரச்சினை. ஆரம்பத்திலேயே அதிகச் சூடு கொடுத்தால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பாக்கெட்டில் பத்து நாளில் புளிக்கும். திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கம் வாழைப்பழத்தைச் சூரியக் கூடாரத்தில் உலர்த்தி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். நேரில் பார்ப்பதில் தெரிவது எழுத்தில் வராது.

ஐப்பசி, கார்த்திகையில் என்ன செய்வது?

இருக்கிற பாய்லரை விற்றுவிடாதீர்கள். தண்ணீர் முதலில் சோலார் தொட்டிக்குப் போய், அங்கே கிடைத்த சூட்டோடு பாய்லருக்கு வரட்டும். வெயில் அடித்தால் பாய்லருக்கு வேலை இல்லை, மேகமூட்டத்தில் 30-க்குப் பதில் 42 டிகிரியில் வந்தாலும் அவ்வளவு விறகு மிச்சம். இந்த வரிசை மாறக் கூடாது. உலர்த்தும் கூடாரத்துக்குப் பக்கத்தில் தேங்காய்த் தொட்டி (கொட்டாங்குச்சி) எரிக்கிற சின்ன அடுப்பு வைத்து, புகை உள்ளே வராமல் சூட்டை மட்டும் குழாய் வழியாக விடலாம். கொப்பரைக்காரர்களிடம் தொட்டிக்குப் பஞ்சமில்லை.

கருப்பட்டி காய்ச்ச உதவுமா? அரிசி ஆலைக்கு?

கருப்பட்டிக்கு ரொம்பக் கொஞ்சம்தான். 100 லிட்டர் பதநீரைச் சோலாரில் 90 டிகிரிக்குக் கொண்டுவந்து கொடுத்தாலும் 7 யூனிட்தான் மிச்சம். அதற்குப் பிறகு அதிலிருக்கும் தண்ணீரை ஆவியாக்க 55 யூனிட் வேண்டும். விறகுக்கு அலைகிற பனையேறிகளைப் பார்க்கும்போது எனக்கு வேறு பதில் சொல்லத்தான் ஆசை, ஆனால் கணக்கு இடம் தரவில்லை. அவர்களுக்குச் சோலாரைவிட, புகைபோக்கி வைத்த நல்ல அடுப்புதான் இன்றைக்குப் பயன்.

உமி எரிக்கிற அரிசி ஆலைக்கும், சக்கை எரிக்கிற வெல்ல ஆலைக்கும் வேண்டாம்.

பெரிய அளவில் யாராவது செய்கிறார்களா?

திருமலையில் அன்னதானச் சமையலுக்கு 2002-ல் 106 கண்ணாடித் தட்டுகள் வைத்து ஸ்டீம் எடுத்தார்கள். ஆரோவில்லில் சோலார் கிச்சன் கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் பெரிய கிண்ணம் மாதிரி கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதில் கிண்ணம் அசையாது, குவியும் இடத்தில் இருக்கிற குழாய்தான் சூரியனோடு நகரும். ஸ்பெயினில் செவில் நகர ஹைனெகன் ஆலையில் 2023-ல் 43,000 சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடி நிறுத்தியிருக்கிறார்கள். இங்கெல்லாம் கண்ணாடி துடைக்கவும் கவனிக்கவும் ஆள் இருக்கிறார்கள். அந்த ஆள் உங்களிடம் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

சோலார் கரண்ட் போட்டு ஹீட் பம்ப் ஓட்டினால் என்ன?

நியாயமான கேள்வி. ஹீட் பம்ப் என்பது ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு இடத்துச் சூட்டை உறிஞ்சி இன்னொரு இடத்துக்கு ஏற்றும் கருவி. காற்றிலிருக்கும் சூட்டையும் சேர்த்து எடுப்பதால் ஒரு யூனிட் கரண்டில் மூன்று, மூன்றரை யூனிட் சூடு தரும். நமது 35 யூனிட்டுக்கு 10 யூனிட் கரண்ட் போதும், அதற்கு இரண்டரை கிலோவாட் பேனல். இடமும் ஏறத்தாழ அதே 14 சதுர மீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் கரண்ட் வேறு எதற்காவது போகும், வெந்நீர் வீணாகும். பால் குளிர்விக்கிற இடத்தில் சூடு, குளிர் இரண்டும் வேண்டும் என்பதால் அங்கே நானே ஹீட் பம்ப்பைத்தான் இப்போது சொல்கிறேன். தினமும் வெந்நீர் செலவாகிற, எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேருக்கு ஆள் கிடைக்காத ஊரில் பழைய வெந்நீர்ப் பேனலே மேல். உலர்த்துவதற்கு மட்டும் கூடாரத்தை எதுவும் மிஞ்சாது.

மானியம் உண்டா?

உலர்த்தும் கூடாரத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் கொடுத்து வருகிறது. விகிதம் ஆளுக்கும் ஆண்டுக்கும் மாறும், உங்கள் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள். உணவுத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் குறு உணவு நிறுவனத் திட்டத்தில் வங்கிக் கடனோடு சேர்த்து 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்று வைத்தார்கள். எதுவானாலும் முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் வேலை. கட்டிமுடித்துவிட்டுப் போய் நின்றவர்கள் நிறையப் பேர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள்.

கூடார ஷீட் எத்தனை வருடம் வரும்?

நல்ல ஷீட் பத்து வருடம் வரும். மூன்றாம் வருடமே மஞ்சளாகி நொறுங்குகிறது என்றால் பெரும்பாலும் திருப்பிப் போட்டிருப்பார்கள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு சாதாரணமாக ஷீட்டின் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அது வானத்தைப் பார்க்க வேண்டும். புது ஷீட்டின் இரு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும், எந்தப் பக்கம் வெளியே என்று அதில் அச்சிட்டிருக்கும். வேலைக்கு வந்தவர்கள் அந்தத் தாளை முதலில் உரித்துப் போட்டுவிட்டுத்தான் ஏணியில் ஏறுவார்கள். உரித்த பிறகு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் உரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு ஷீட்டின் மூலையிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு, அன்றைக்கு நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.